பாட்டி சாப்பிட்டாரா?

பாட்டிசாப்டா! தமிழ்ச் செவிக்கு இது பலகாரத்தின் பெயராகவா கேட்கிறது? பாட்டி உண்டாரா என்னும் வினாவாக அன்றோ ஒலிக்கிறது! ஆயினும் பலகாரந்தான். பௌஷ மாதத்தின் கடைசி நாளில், நாம் பொங்கல் வைக்கும் நாளையொட்டி, வங்கத்து இல்லங்களில் புத்தரிசி மாவால் சுடப்படும் இனிப்பு அப்பம்.

ஆண்டவன் அருளிய அமுதம் என்பர் சிலர். அல்ல, உழைத்தோர் வழங்கிய கொடை! அரிசி, உழவன் தந்தது. வெல்லம், மாலையில் ஈச்ச மரமேறிக் கலயம் கட்டி, கதிரவன் எழுமுன் இறக்கி, வெயில் ஏறினால் சாறு புளிக்குமே என்று விரைந்து காய்ச்சும் தொழிலாளி தந்தது. நொலேன் குர் என்பர் அதனை. 1947-இல் வங்கத்தை இரண்டாக வெட்டினர். இந்தச் சுவையை வெட்ட முடிந்ததா? எல்லைக்கு இப்பாலும் அப்பாலும், இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அதே மணம்!

கொல்கத்தா நண்பரின் இல்லத்தில் நாம் கண்ட செய்முறை எளிது. ஒரு தேங்காயின் துருவலை 200 கிராம் ஈச்ச வெல்லத்துடன் சிறு தீயில் கிளறினால் பூரணம் தயார். இரண்டு கோப்பை அரிசி மாவு, அரைக் கோப்பை மைதா, கால் கோப்பை ரவை ஆகியவற்றைப் பாலில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நெய் தடவிய கல்லில் மெல்லிய வட்டமாக வார்த்து, ஓரத்தில் பூரணம் வைத்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுக்கலாம்.

சுட்டவர் நண்பரின் பாட்டி. எழுபதைக் கடந்த கைம்பெண். புகையில் கண் கசிய, ஒவ்வொன்றாகச் சுட்டுத் தந்தார். ஆடவர் உண்டனர், சிறுவர் உண்டனர், விருந்தினரும் உண்டோம். ‘பாட்டி சாப்பிட்டாரா?’ என்று கேட்டோம். ‘அவர் கடைசியில்தான் உண்பார், அது வழக்கம்’ என்றார் நண்பர். பானையின் அடியில் கிடந்த ஆறிய இரண்டுதான் அவர் பங்கு!

1829-இல் உடன்கட்டைக் கொடுமைக்குத் தடை கண்ட மண் அது! 1856-இல் வித்தியாசாகரின் முயற்சியால் கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் கண்ட மண்! சட்டம் வாயிலைத் திறந்தது. வழக்கமோ அடுப்படியில் அமர்ந்து ஆட்சி செய்கிறது. வங்கத்தில் மட்டுமா? நம் வீட்டுப் பந்தியில் கடைசி இலை யாருக்கு? மேடையிலே சமத்துவம், அடுக்களையிலே அடிமைத்தனமா?

இளைஞனே! ஒரு மணி நேரத்தில் கற்கத்தக்க கலை இது. கரண்டியை உன் கையில் வாங்கு. பாட்டியைப் பந்தியில் அமர்த்து. முதல் அப்பம் அவர் தட்டில் விழட்டும், சுடச்சுட!