இரண்டாவது முதுகலை

நைட் ஷிப்ட் முடிந்து காக்களூர் சிட்கோ டீக்கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்தேன். எம்.எஸ்சி. வேதியியல் ஏற்கெனவே இருக்கிறது, இப்போது எம்.ஏ. தமிழ்.

"ஒரு முதுகலை முடிச்சவங்க இன்னொண்ணு சேர முடியாதும்மா" என்று ஒரு படிப்பு மையத்தில் சொன்னதை நம்பி இரண்டு வருடம் போனது. இன்னும் மனசு ஆறவில்லை. யூஜிசி விதியில் அப்படி ஒரு தடையே இல்லை. 2022 ஏப்ரலில் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கவே அனுமதித்துவிட்டார்கள், பிஎச்.டி.க்கு மட்டும் அது பொருந்தாது. இரண்டும் நேரடி வகுப்பென்றால் நேரம் மோதக்கூடாது. தொலைநிலைப் படிப்புக்கு யூஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) தரும் டெப் ஐடியும் எடுக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பாதீங்க, பல்கலைக்கழக புராஸ்பெக்டஸை நீங்களே படிங்க.

விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டிய, நான்காய் மடித்த டி.சி., மடிப்பில் கிழிந்திருக்கிறது. பிரித்து வைத்து, விரல் தெரியாமல் போட்டோ எடுத்தேன். ஓடிபி வந்துவிட்டது.