சிவப்பு மையில் திருத்திய கடிதம்

சென்ற வருடம் கனடாவிலிருந்து எனது மகன் ஓர் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். ஒன்பது வயதான எனது பேரனைப் பரிசோதித்த உளவியலாளர் எழுதிய பன்னிரண்டு பக்க அறிக்கை. பையனுக்கு டிஸ்லெக்சியா என்பது அதன் சாரம். மகன் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தான்: "எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா அப்பா?"

இல்லை என்று பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். என்னைவிட மூன்று வயது இளையவன். எங்கள் தந்தையார் தமிழாசிரியர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த அவரால் சொந்த மகனை வாசிக்க வைக்க முடியவில்லை. எத்தனையோ பூவரசங் கம்புகள் முறிந்தன. கண் வைத்தியரிடம் காட்டினார்கள்; கண்ணில் குறையில்லை. எட்டாம் வகுப்போடு அவன் பாடசாலையை விட்டபோது ஊர் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'மொக்கன்'. அந்த மொக்கன் பத்து வயதில் வீட்டு றேடியோவைக் கழற்றித் திருத்திப் பூட்டியவன். கல்வியே செல்வம் என்று மார்தட்டும் எங்கள் யாழ்ப்பாணத்தில் அந்தத் திறமை எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887இல் பயன்படுத்தியவர் ருடோல்ஃப் பேர்லின் என்ற ஜேர்மன் கண் வைத்தியர். மூளை பாதிப்புற்று வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களைப் பற்றியே அவர் எழுதினார். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலிப் பையன், கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாறிப் பிரெசி என எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாக நடந்தால் பாடசாலையிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு என் தம்பியின் முகமே தெரிந்தது.

இது பார்வைக் குறைபாடு என்று மோர்கன் காலத்தில் கருதினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் காரணத்தை ஒலியில் தேடுகிறார்கள். பேச்சைச் சிறு ஒலிகளாகப் பிரித்து அந்த ஒலிகளை எழுத்தோடு பிணைக்கும் வேலை இவர்களின் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோம்பலும் காரணமல்ல. குடும்பங்களில் இது பரம்பரையாகத் தொடர்வதுண்டு. மகனின் கேள்விக்குக் காரணம் அதுதான்.

தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். தமிழைப் போலவே எழுதியபடி வாசிக்கும் மொழி இத்தாலியம். இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில மாணவர்களை ஒப்பிட்டு 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இரு மொழியினரை விடப் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆனால் மூளையில் தெரிந்த வேறுபாடு மூன்று மொழியினரிலும் ஒன்றாகவே இருந்தது. மொழி சுமையைக் குறைக்கலாம், இல்லாமற் செய்வதில்லை.

தவிரவும், தமிழ் எழுத்து அத்தனை நேரானதுமல்ல. 'தோ' என்று எழுதுவதற்கு ஒலியில் பின்னால் வரும் உயிரின் கொம்பை முன்னால் போட்டு, அரவைப் பின்னால் போடவேண்டும். எனது தம்பி 'தோட்டம்' என்பதைத் 'தேட்டாம்' என எழுதுவான். எல்லாக் குறிகளும் இருக்கும். அரவு மட்டும் இரண்டு எழுத்துத் தள்ளிப்போயிருக்கும்.

இதை எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறேன் என்றால், அந்தக் கடிதத்தைத் திருத்தியவன் நான்.

1973ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பிழை கண்டுபிடிப்பதே எனது தொழில். அதில் எனக்கு மிதமிஞ்சிய கர்வமும் இருந்தது. தந்தையார் காலமாகிவிட்டார். வீட்டுக் கடிதங்களை எப்போதும் அம்மாதான் எழுதுவார். அந்த முறை தம்பியின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். சிவப்புப் பேனாவை எடுத்து, அச்சுப்படியைத் திருத்துவது போலவே ஓரங்களில் குறியிட்டுத் திருத்தினேன். இருபத்து மூன்று பிழைகள். அடியில் எண்ணிக்கையையும் எழுதி அதையே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். நகைச்சுவை என்று நினைத்தேன்.

அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து உட்கார முடியவில்லை என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. அதனால்தான் அவன் பேனா பிடித்திருக்கிறான். அந்த ஒரு பக்கத்தை எழுத அவனுக்கு எத்தனை மணித்தியாலம் சென்றிருக்கும் என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். அதன் பின்னர் அவன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

எழுத்து இல்லாமலே அவன் வாழக் கற்றுக்கொண்டான். வங்கியில் படிவத்தை நீட்டினால் 'கண்ணாடியை மறந்து வந்திட்டன்' என்பான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாதபோது, சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடவும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவும் செய்துகொடுத்தான். ஊரே அவன் வாசலில் நின்றது. இப்போது திறன்பேசியில் குரல் செய்திகள் அனுப்புகிறான். அவன் இவ்வளவு அழகாகக் கதை சொல்லக்கூடியவன் என்பதை எழுபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

பேரனுக்கு இப்போது ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கும் தனிப்பயிற்சி நடக்கிறது. பரீட்சையில் மேலதிக நேரம் தருகிறார்கள். பாடத்தைக் கணினி வாசித்துக் காட்டுகிறது. இது மாறிவிடும் நோயல்ல. ஆனால் அவன் வாசிப்பான். சற்று மெதுவாக வாசிப்பான்.

அறிக்கையில் உள்ளவற்றைத் தம்பிக்குத் தொலைபேசியில் விளக்கினேன். நடுவில் அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்லி மன்னிப்புக் கேட்க முற்பட்டேன்.

"விடுங்கோ அண்ணை. அதை நான் வாசிக்கேல்லை. சிவப்பைக் கண்டவுடனை மடிச்சு வைச்சிட்டன்" என்றான்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவனே கேட்டான்: "பெடியனை அங்கை ஆரும் அடிக்கினமோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கிணற்றடி மோட்டர் மீண்டும் பழுதாகிவிட்ட கதையைத் தொடங்கினான்.