அருவி இல்லாத பாபநாசம்

வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அருவிக்குப் பக்கத்துலயா வீடு?" என்பார்கள். 2015-இல் கமல்ஹாசனின் 'பாபநாசம்' படம் வந்தபிறகு இந்த விசாரிப்பு இன்னும் கூடிப்போயிற்று. அருவி, அணை, படம் மூன்றுமே திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்தைச் சேர்ந்தவை. எங்களுடையது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, வயல்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பாபநாசம். தாலுகா ஆபீஸ், பேரூராட்சி, மெயின் லைனில் ஒரு ரயில் நிலையம்: நிர்வாக வரலாறு அவ்வளவுதான். சங்கீதக்காரர் பாபநாசம் சிவன் பிறந்ததுகூடப் போலகத்தில்தான். என்றாலும் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் சுமந்தார் என்று விட்டுக்கொடுக்காமல் பேசுவோம்.

ஊர்க் கதை மணலில் ஆரம்பிக்கிறது. கர தூஷணர்களைக் கொன்ற பாவம் தீர ராமன் பூஜை செய்ய, சீதை குடமுருட்டி ஆற்று மணலைப் பிடித்துப் பிடித்து லிங்கமாக்கினாள் என்பது ராமலிங்கசுவாமி கோயில் தலபுராணம். ஊரார் வாயில் அது நூற்றெட்டு சிவாலயம். வரிசையாக நிற்கும் லிங்கங்களை எண்ணிக்கொண்டே வந்தால் நடுவில் எங்கேயாவது கணக்குத் தப்பிவிடும். சின்ன வயதில் எனக்கு ஒருமுறைகூட 108 வந்ததில்லை.

ஆனால் வெளியூர் ஆள் யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப்போவது திருப்பாலைத்துறைக்கு. அப்பர் பாடிய தலம், பாலைவனநாதர் கோயில். சாமி கும்பிட்டதும் களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும். ரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட 1600–1634 காலத்தில் கட்டிய நெற்களஞ்சியம் அது. மெல்லிய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக வட்டமாக எழும்பி, உச்சியில் கூம்பி, ஒரு பெரிய நெற்குதிரைக் கொண்டுவந்து தரையில் வைத்த மாதிரி நிற்கிறது. கொள்ளளவு 3,000 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், இரண்டு கலம் ஒரு மூட்டை. அப்படியானால் 1,500 மூட்டை நெல் ஒரே வயிற்றில். சுவரில் உயர வாரியாகத் திறப்புகள் வைத்திருக்கிறார்கள். நெல் ஏற ஏற மேல் வாயில் கொட்டலாம், இறங்க இறங்கக் கீழ் வாயில் எடுக்கலாம். சுவரில் கை வைத்துப் பாருங்கள், சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். மழை இறங்காது, தரை ஈரம் ஏறாது. கட்டிய கொத்தனார் எந்தக் கல்லூரியிலும் படித்தவரில்லை.

தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. 'பாதுகாக்கப்பட்ட' என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு வருவோம். குடத்தை உருட்டிக்கொண்டு போகிற வேகம் என்பதால் குடமுருட்டியாம். நான் அறிந்த குடமுருட்டி கோடையில் வெறும் மணல்தான். ஒரு முழம் தோண்டினால் ஊற்று. முதலில் கலங்கலாக வரும். கொட்டாங்கச்சியால் இரண்டு முறை இறைத்துவிட்டால் தெளியும். அம்மா அதை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றி, முந்தானையால் வடிகட்டுவாள். மேட்டூர் திறக்கும்வரை தெருவுக்கே அந்தத் தண்ணீர்தான். ஆறு தண்ணீரை மணலுக்குள் பத்திரப்படுத்தி வைத்த களஞ்சியம் அது.

அந்தக் களஞ்சியத்தைத்தான் வெட்டி எடுத்தார்கள். தங்கம் கிடைக்காத எங்கள் சீமைக்கு வாய்த்த கனிமம் மணல். 2003-இல் குவாரிகளை அரசே ஏற்றது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பொக்லைன் இறங்கியது. மாட்டுவண்டியில் போனது டாரஸ் லாரியில், யூனிட் கணக்கில் போக ஆரம்பித்தது. ஆற்றின் தரை இறங்கினால் வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வயலுக்கு ஏறாது. இதைச் சொல்ல எங்கள் பக்கம் பொறியாளர் வேண்டாம், நாற்று விட்டவர் யாரும் சொல்வார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனபோதும் மணல் எடுப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். பிறகு வழக்கம்போல மறந்தார்கள்.

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. மீத்தேன், ஷேல் எரிவாயு எடுக்கத் தடை. தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை கூடாது. நல்லதுதான், அன்று பட்டாசு வெடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் தடைப் பட்டியலில் ஆற்று மணல் இல்லை. மூன்றே வருடத்தில், 2023-இல், ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி இருந்தது. ஊரே கத்திய பிறகுதான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

நெல்லின் கதி இன்னும் மோசம். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்தே வரும் என்பது இந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும். அதிகாரிகளுக்கு மட்டும் வருடா வருடம் புதுச் செய்தி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள், சாக்கு இல்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள். நெல் ரோட்டோரம் கிடந்து முளைவிடும். நானூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் குதிர் ஒன்று சும்மா நிற்கிற ஊரில் இது நடக்கிறது.

போன மழைக்கு ஒரு கொள்முதல் நிலையத்தைத் தாண்டி நடந்து வந்தேன். கிழிந்த தார்ப்பாயைத் தூக்கி, ஒரு பெரியவர் நனைந்த நெல்லைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். அவரைச் சேற்றால் அடித்துக்கொண்டு ஒரு மணல் லாரி போயிற்று. மணலுக்குத் தார்ப்பாய் நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது.