ஜமீலா: பெயரும் பொருளும்

அல்லாஹ்வின் அருளால் தில்லை நகரிலுள்ள எங்கள் இல்லத்தில் அண்மையில் ஒரு பேத்தி பிறந்தாள். மேலுதட்டில் பிளவு இருந்தது. சில மாதங்களில் அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம் என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். மறைந்த எங்கள் தாயாரின் பெயரான ஜமீலாவைச் சூட்டுவதென முன்பே முடிவு செய்திருந்தோம். ஜமீலா என்றால் அழகானவள். “இந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயரா? நாளைக்குப் பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?” என்றார் உறவினர் ஒருவர். உண்மையைச் சொன்னால், எங்கள் உள்ளத்திலும் அந்தத் தயக்கம் இருந்தது.

அகீகாவுக்கு முன் அப்பெயரின் பொருளை ஆராய்ந்தோம். ஜீம், மீம், லாம் என்ற மூன்று எழுத்துகளே அதன் வேர். 1951-இல் தொடங்கப்பட்ட நம் திருச்சி ஜமால் முகமது கல்லூரியின் பெயரிலும் அவ்வேரே உள்ளது. ‘ஜமீல்’ என்ற சொல் திருக்குர்ஆனில் ஏழு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் அது முகத்தைக் குறிக்கவில்லை. மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) மேற்கொண்ட பொறுமையை அது குறிக்கிறது. பிழை பொறுத்தல், பழிப்போரை விட்டு நயமாக விலகுதல், மணவிலக்கிலும் கண்ணியமாக அனுப்பிவைத்தல் ஆகியவற்றையும் அச்சொல்லே சுட்டுகிறது. அனைத்தும் நடத்தையின் அழகுகள்.

‘மாறு செய்பவள்’ என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்ணுக்கு நபிகள் நாயகம் (ஸல்) ஜமீலா எனப் பெயர் மாற்றியதாக முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். (ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியா (அலை) அவர்களின் பெயர் வேறு, தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.) கீழ்ப்படியாமைக்கு மாற்றாக வந்த பெயர் இது.

அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புபவன் என்று அறிவிக்கும் நபிமொழியும் அதே தொகுப்பில் உள்ளது. உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று அந்நபிமொழி முடிகிறது. அதைப் படித்தபோது வெட்கினோம். குறை குழந்தையின் உதட்டில் இல்லை, எங்கள் பார்வையில்தான் இருந்தது.

ஏழாம் நாள் ஜமீலா என்றே பெயரிட்டோம். உதட்டை மருத்துவர் சீராக்குவார், இன்ஷா அல்லாஹ். அப்பெயருக்குரிய குணத்தை அவளிடம் வளர்ப்பது எங்கள் கடமை. அதற்கு முதலில் நாங்கள் அக்குணத்தைக் கற்க வேண்டும். வல்ல ரஹ்மான் துணை நிற்பானாக. ஆமீன்.