மூத்தவள் சோஃபி

மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம் என்று சொல்லித்தான் அந்த நாவல் தொடங்குகிறது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’. கதை நடக்கும் இங்கரி நாட்டில், ஓர் அடியில் ஏழு காதம் தாண்டும் காலணியும் உருவை மறைக்கும் மேலங்கியும் நிஜமாகவே உண்டு. அவை நிஜமென்றால் கதைகளின் சட்டமும் நிஜம்தானே? மூவர் அதிர்ஷ்டம் தேடிப் புறப்பட்டால் முதலில் தோற்பது மூத்தது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் பெரிய இளவரசர்கள் வழியிலேயே சிக்கிக்கொள்வார்கள். கடைக்குட்டிதான் ஏழு கடல் தாண்டிப்போய்க் கிளியைப் பிடித்து வருவான்.

சோஃபி ஹேட்டர் இந்தச் சட்டத்தை முழுமையாக நம்பிவிட்ட பெண். அப்பா இறந்ததும் சிற்றன்னை ஒரு தங்கையைப் பலகாரக் கடைக்கும் இன்னொருத்தியை மந்திரம் படிக்கவும் அனுப்புகிறாள். சோஃபிக்குத் தொப்பிக் கடை. தங்கைகள் இருவருக்கும் கிடைத்த இடம் பிடிக்கவில்லை. ஒரு மந்திரம் போட்டு, ஒருத்தி உருவத்தில் மற்றவள் புகுந்து, இடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வராதவள் மூத்தவள்தான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருக்கிறாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை.

எங்கள் வீட்டிலும் நான்தான் மூத்தவள். “நீ பெரியவ, நீதான் பாத்துக்கணும்” என்று கேட்டே வளர்ந்தேன். அதைச் சொன்னவர்கள் பாசத்தோடுதான் சொன்னார்கள். அதனால்தான் அதை மீறுவது அவ்வளவு கஷ்டம். சோஃபியைப் போல என்னைத் தெரிந்துவைத்திருந்த வேறொரு பாத்திரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இந்த நாவலைப் பற்றி யார் என்ன செய்தாலும் எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது என்று நினைப்பது அதனால்தான்.

ஹயாவோ மியாசாக்கி இதை ஸ்டூடியோ ஜிப்லிக்காகப் படமாக்கினார், 2004இல் வெளிவந்தது. இதை முதலில் இயக்க இருந்தவர் மமோரு ஹொசோடா. அவர் விலகிய பிறகு மியாசாக்கி கையில் எடுத்தார். வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள், ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் வந்தது. என் தங்கை நாவலைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தவள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, “ஏன்க்கா உம்முன்னு இருக்க? எவ்ளோ அழகா இருக்கு!” என்றாள். அழகாகத்தான் இருக்கிறது. கோட்டையைப் பாருங்கள்: நாவலில் அது உயரமான கறுப்புக் கட்டடம், நான்கு கோபுரங்களிலிருந்தும் புகை விட்டபடி குன்றுகளின் மேல் நகரும், அவ்வளவுதான். மியாசாக்கியின் கோட்டையோ கோழிக் கால்களில் நொண்டி நொண்டி நடக்கிறது. பீரங்கி வாய்களும் ஓட்டு வீடுகளும் இரும்புத் தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று தொற்றிக்கொண்டு மூச்சு வாங்குகின்றன. படத்தைப் பார்த்த பிறகு நாவலை மறுபடி படித்தால் ஜோன்ஸ் கட்டிய கோட்டை கண்ணுக்கு வருவதே இல்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

ஆரம்பத்தில் வரும் அந்த ஆகாய நடையும் நாவலில் கிடையாது. சந்தில் இரண்டு சிப்பாய்கள் சோஃபியை மறிக்கிறார்கள். கோட்டையின் சொந்தக்காரனான மந்திரவாதி ஹவுல் வருகிறான், கையைப் பிடித்து, கால்களை நீட்டி நடக்கச் சொல்கிறான், இருவரும் ஓடுகளுக்கு மேலே, திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேலே நடந்து போகிறார்கள். ஜோ ஹிசாய்ஷியின் வால்ட்ஸ் இசை அவர்களைத் தாங்கிக்கொண்டு போகிறது. வீடு, கடை, மறுபடி வீடு என்றே இருந்தவளின் கால் தரையை விட்டுக் கிளம்புவதை இதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் படம் செய்திருக்கிறது. ஒரு சூனியக்காரியின் சாபத்தால் சோஃபி 90 வயதுக் கிழவியாகிவிடுகிறாள். நாவலில், அந்தச் சாபத்தை நீக்க ரகசியமாகப் பலமுறை முயன்றதாகவும் எதுவும் பலிக்கவில்லை என்றும் ஹவுல் பின்னால் சொல்வான். அவளுக்கே அந்த வேஷம் பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு அவன் வந்திருப்பான். சாபத்தைப் போட்டது வேறொருத்தி, பிடித்துவைத்துக்கொண்டிருப்பது சோஃபி. கிழவியானதும் அவளுக்கு எவ்வளவு வாய் வந்துவிடுகிறது! ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் போய்விடுகிறது. கோட்டைக்குள் அழையாமல் நுழைந்து, தானே தன்னைத் துப்புரவுக்காரியாக நியமித்துக்கொள்கிறாள். கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதத்தையே மிரட்டி அடுப்பாக்கிப் பன்றி இறைச்சி வறுக்கிறாள். இளம் பெண்ணாக இருந்தபோது இதில் எதையும் அவள் செய்திருக்க மாட்டாள்.

நாவல் ஒரு வாக்கியத்தில் சொல்வதைப் படம் முகத்தில் வரைந்து காட்டுகிறது. தூங்கும்போது சோஃபி இளம் பெண். ஹவுலுக்காக வாதாடும்போது பேசப் பேசச் சுருக்கம் மறைந்து முதுகு நிமிர்கிறது; யாராவது அதைக் கவனித்துச் சொன்னால் அடுத்த நொடி மறுபடி கூன். மலர்வெளியில் ஹவுல் அவளை அழகி என்றதும் அவள் சட்டென்று கிழவியாகிறாள். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. பாராட்டு வந்தவுடன் முதுமைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குரல் கொடுத்த சியெகோ பைஷோ ஒருவரே கிழவிக்கும் குமரிக்கும் பேசினார் என்பதும் இங்கே முக்கியம். உடம்பு மாறினாலும் ஆள் ஒன்றுதான் என்று காதுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

படம் விட்டுவிட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலின் ரசிகர்கள் பலருக்கு வேல்ஸ் போனதுதான் ஆற்றாமை. கோட்டையின் கதவுக் குமிழில் நான்கு நிறங்கள். கறுப்பைக் கீழே திருப்பினால் நாவலில் நம் உலகத்து வேல்ஸ் திறக்கும். அங்கே மந்திரவாதி ஹவுல் வெறும் ஹவல் ஜென்கின்ஸ். உருப்படாத தம்பி என்று திட்டும் அக்கா, கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கும் அக்கா மகன், முதுகில் ரக்பி அணியின் பெயர் போட்ட சட்டை. அந்தப் பையனின் பள்ளிப் பாடத்தில் இருக்கும் ஜான் டன்னின் கவிதை, இங்கரிக்கு வந்ததும் சாபமாகிவிடும். ஜோன்ஸின் குறும்பும் கூர்மையும் இந்த ஒரு இடத்தில் முழுதாகத் தெரியும். படத்தில் அதே கறுப்பு இருட்டில் திறக்கிறது. ஹவுல் பறவையாகி அதன் வழியாகப் போர்க்களத்துக்குப் போகிறான்.

போர் நாவலில் வெறும் பேச்சுதான். படத்தில் அது வானத்தையே மூடுகிறது. ஊர்கள் எரிகின்றன, கப்பல்கள் புகைந்துகொண்டு துறைமுகத்துக்குத் திரும்புகின்றன. 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின் மேல் குண்டு போட்டது; அதே மாதம் மியாசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ ஆஸ்கார் வென்றது. அவர் வாங்கப் போகவில்லை. ஈராக்கில் குண்டு போடும் நாட்டுக்குப் போக விருப்பமில்லை என்று சில வருடங்கள் கழித்துச் சொன்னார். அந்தக் கோபத்தோடுதான் இந்தப் படம் வரையப்பட்டது. ஜோன்ஸ் 1934இல் பிறந்தவர், மியாசாக்கி 1941இல். இருவருமே இரண்டாம் உலகப் போரின் குழந்தைகள். போர் தொடங்கியதும் லண்டனிலிருந்து வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட சிறுமி, வளர்ந்து எழுதிய நாவலில் வேல்ஸுக்கு ஒரு கதவை வைத்தார். போர் விமானங்களுக்கு உதிரிபாகம் செய்த குடும்பத்தின் பிள்ளை அந்தக் கதவைப் போருக்குத் திறந்துவிட்டார். படத்தைப் பார்த்து ஜோன்ஸ் மகிழ்ந்தார். போரின் பாதிப்பு தங்கள் இருவரையும் எதிரெதிர்த் திசையில் கொண்டுபோயிற்று என்றும், தான் போரை எழுத்தில் விட்டுவிடுகிறவர் என்றும் சொன்னார். எழுதியவரே அப்படி ஏற்றுக்கொண்ட பிறகு, வேல்ஸுக்காக நான் சண்டை போடப் போவதில்லை.

சோஃபியின் மந்திரத்துக்காகச் சண்டை போடுவேன். நாவலில் சோஃபிக்கு ஒரு சக்தி இருக்கிறது: அவள் பேசினால் பொருள்களுக்கு உயிர் வருகிறது. தனிமையில் தொப்பிகளோடு பேசிக்கொண்டே தைக்கிறாள். இதை அணிகிறவள் பெரிய இடத்தில் வாழ்க்கைப்படுவாள் என்று ஒரு தொப்பியிடம் சொல்கிறாள். அதை வாங்கிப் போனவள் ஒரு பிரபுவோடு ஓடிப்போகிறாள். வேலியில் கிடந்த சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்தி நாலு நல்ல வார்த்தை சொல்கிறாள். அது அவளைத் தேடிக் குதித்துக்கொண்டு வருகிறது. சூனியக்காரி அவளைத் தேடி வந்ததே அந்தத் தொப்பிகளின் பேரைக் கேட்டுத்தான். இவ்வளவும் நடக்கிறது, சோஃபிக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் ஹவுலின் வயதான ஆசிரியை திருமதி பென்ஸ்டெமன் அவளை எதிரே உட்காரவைத்துச் சொல்கிறார்: உனக்கு மந்திர வரம் இருக்கிறது, உன் கையிலிருக்கும் கைத்தடிக்கே நீதான் உயிர் கொடுத்திருக்கிறாய்.

மூத்தவள் என்பதால் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பியவளிடம், தகுதியுள்ள ஒரு பெரிய மனுஷி முகத்துக்கு நேரே இதைச் சொல்கிறாள். இந்தக் காட்சிதான் எனக்கு அந்த நாவல். ஜோன்ஸ் மூன்று சகோதரிகளில் மூத்தவர். பெற்றோர் தங்கள் வேலையில் மூழ்கியிருக்க, மூன்று பெண்களும் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில் தாங்களே தங்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள். வீட்டில் படிக்கப் புத்தகம் போதாததால் அவரே நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டினார். வாயால் சொல்லி உயிர் கொடுக்கும் அந்த மூத்தவள் எங்கிருந்து வந்தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் திருமதி பென்ஸ்டெமன் இல்லை. அவர் இடத்தில் அரசவை மந்திரவாதி சுலிமான் அம்மையார் இருக்கிறார்; அவருடைய அக்கறையெல்லாம் ஹவுல்மேல். மூன்று சகோதரிகள் இருவராகிவிட்டார்கள். நான் மூத்தவள், அப்பாவின் கடை என்று சோஃபி தங்கையிடம் சொல்வது ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. பொம்மை சாபத்தில் சிக்கிய இளவரசன் ஆகிவிட்டதால், அதன் உயிருக்கும் சோஃபியின் பேச்சுக்கும் தொடர்பில்லை. அவளை வீரமுள்ளவளாக, அன்புள்ளவளாக, உழைப்பாளியாகப் படம் காட்டுகிறது. இதெல்லாம் மூத்த பெண்களுக்கு ஊர் எப்போதும் கொடுக்கிற பட்டங்கள். திறமைசாலி என்ற பட்டம்தான் கிடைப்பதில்லை.

கடைசிக் கட்டத்தில் சோஃபி கால்சிஃபரைக் கையில் ஏந்தி, அதற்குள் இருக்கும் ஹவுலின் இதயத்தை அவன் மார்பில் திரும்ப வைக்கிறாள். கால்சிஃபர் ஆயிரம் ஆண்டு வாழட்டும், ஹவுலுக்கு இதயம் திரும்பட்டும் என்று வேண்டுகிறாள். இரண்டும் நடக்கின்றன. தங்கை கேட்டாள்: “அவ சொன்னா எப்படிக்கா நடக்குது?”

தொப்பிகளைப் பற்றிச் சொன்னேன். அவள் ரிமோட்டை எடுத்து ஆரம்பத்துக்குப் போனாள். மலைச் சரிவில் சோஃபி பொம்மையை நிமிர்த்துகிறாள். அது ஒரு தடி கொண்டுவந்து கொடுக்கிறது. இன்றைக்கு ராத்திரி தங்க ஓர் இடமும் பிடித்து வாயேன் என்கிறாள். சற்று நேரத்தில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து கோட்டை வருகிறது.

“பாரு, எல்லாம் படத்துலயே இருக்கு. அவ சொல்றா, நடக்குது. நீ சும்மா கோவப்படுற.”

“இருக்குடி. ஆனா அவகிட்ட யாராவது சொன்னாங்களா?”

“சொல்லணுமா என்ன? நமக்குத் தெரியுதுல்ல.”

“நமக்குத் தெரிஞ்சு என்ன? அவளுக்குத் தெரியணும்.”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி.