86 சதவிகிதம்

நகல் என்ற சொல்லை நம் வட்டத்தில் வசையாகவே பயன்படுத்தி வருகிறோம். ஒரு கவிஞனைத் தீர்த்துக்கட்ட வேண்டுமானால் அவன் இன்னாரின் நகல் என்று ஒரு வரி எழுதினால் போதும். மேற்கொண்டு அவன் கவிதையைப் படிக்கிற சிரமம் இல்லை. அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன், அவசியம் வந்தால் இனியும் எழுதுவேன். ஆனால் நகல்களுக்குள் தராதரம் பார்க்க ஒரு விமர்சன பாஷை நம்மிடம் இல்லை என்பது உறுத்துகிறது. பாங்கில் என் மேஜைக்கு வருகிற நகல்களுக்காவது ஒரு விதி உண்டு: அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் முத்திரை குத்த வேண்டும். இலக்கியத்தில் அசலைக் கேட்டு வாங்காமலே முத்திரை விழுகிறது.

என்னை இப்படி யோசிக்க வைத்தது ஒரு வாத்தியம். ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1978இல் எம்.எஸ்.-20 என்ற அனலாக் சிந்தசைசரை வெளியிட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2013இல், அதே நிறுவனம் அதையே சிறிதாக்கி மறுபடி செய்தது: எம்.எஸ்.-20 மினி. அளவில் அசலின் 86 சதவிகிதம். சென்ற வருஷம் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். அசல் இன்று சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டது. ஒரு குமாஸ்தாவுக்கு அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பொருள்.

இந்த வாத்தியத்தில் பதிவு செய்து வைத்த ஒலி எதுவும் இல்லை. ஆஸிலேட்டர் என்ற மின்சுற்றில் மின்னழுத்தம் வினாடிக்கு 440 முறை ஏறி இறங்கினால் ஒலிபெருக்கியில் அந்த ஸ்வரம் கேட்கிறது. அந்த முரட்டு ஒலியை இரண்டு ஃபில்டர்கள் அறுக்கின்றன. ஒன்று கீழ்ப்பகுதியை, மற்றது மேற்பகுதியை. எதை எது ஆட்டுவிக்க வேண்டும் என்பதை வலது பக்கத்துப் பலகையில் கம்பிகளைத் துளைக்குத் துளை மாற்றிச் செருகித் தீர்மானித்துக்கொள்ளலாம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பலகையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

மினியிலும் 37 கட்டைகள் இருக்கின்றன, அகலம்தான் குறைந்துவிட்டது. துளைகள் 6.3 மில்லிமீட்டரிலிருந்து 3.5க்கு வந்துவிட்டன. குமிழ்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அலை மட்டும் குறுகவில்லை. 440ஐ 86 சதவிகிதம் ஆக்கினால் அது வேறு ஸ்வரம். ஆக, சிறிதாக்குகிறவன் எது உடம்பு, எது ஒலி என்று முதலிலேயே பிரித்தாக வேண்டியிருக்கிறது. நம்முடைய நாவல் சுருக்கங்களில் இந்தப் பிரிவினை நடப்பதில்லை. கதையை முழுசாக வைத்துக்கொண்டு நடையை வெட்டிவிடுகிறார்கள். அதாவது கட்டைகளைக் காப்பாற்றி அலையைக் குறுக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிட முக்கியமானது. அசல் என்று ஒன்றே ஒன்று இருக்கவில்லை. எம்.எஸ்.-20 தயாரிப்பில் இருந்த காலத்திலேயே அதன் ஃபில்டர் சுற்று மாறிவிட்டது. முந்தியது முரடு, ரெசனன்ஸ் குமிழைத் திருப்பினால் அலறும். பிந்தியது சற்று அடங்கியது. மினியைச் செய்தபோது, 1978இல் பங்குகொண்ட ஃபுமியோ மியேடா போன்ற பொறியாளர்களும் உடனிருக்க, முந்தியதைத்தான் தேர்ந்தார்கள். மறு வருஷம் அசல் அளவிலேயே, வாங்குகிறவர் தானே பூட்டிக்கொள்ளும் கிட் ஒன்று வந்தது. அதில் இரண்டு ஃபில்டர்களும் இருந்தன. 2015இல் கோர்க் வேறொரு நிறுவனத்தின் வாத்தியத்தை எடுத்துக்கொண்டது: அமெரிக்காவின் ஆர்ப் நிறுவனம் 1972இல் வெளியிட்ட ஒடிஸி. ஆர்ப் 1981இல் மூடப்பட்டுவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஃப்ரெண்ட் இந்த மறு ஆக்கத்தில் கலந்துகொண்டார். ஒடிஸி தன் ஆயுளில் மூன்று ஃபில்டர்களைக் கண்டது. மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து, மாற்றிக்கொள்ள ஒரு ஸ்விட்சும் கொடுத்தார்கள்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் இதற்குப் பெயர் பாடபேதம். ஒரு பதிப்பாசிரியன் ஒரு பாடத்தைத் தேர்ந்து நிற்கிறான். இன்னொருவன் எல்லாப் பாடங்களையும் அச்சிட்டுத் தீர்ப்பை வாசகனிடம் விடுகிறான். இரண்டுமே விமர்சனக் காரியங்கள். நகலெடுப்பது யோசிக்காத வேலை என்ற நம் எண்ணம் இந்த இடத்தில் நிற்பதில்லை. நல்ல நகலைச் செய்கிறவன் அசலை நம்மைவிடக் கூர்மையாக வாசித்தவன்.

வேறு வழிகளும் உண்டு. ரோலண்ட் நிறுவனம் 1981இல் செய்த ஜூப்பிட்டர்-8ஐ 2015இல் ஜே.பி.-08 என்று கைக்கு அடக்கமாகக் கொண்டுவந்தது. உள்ளே பழைய சுற்று இல்லை. அந்தச் சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை டிஜிட்டல் கணக்காகப் போட்டு ஒலியை வரவழைக்கிறது. அசலில் ஒரே சமயம் எட்டுக் குரல்கள், இதில் நான்கு. சொல்லை விட்டுப் பொருளைப் பிடிக்கிற மொழிபெயர்ப்பு இது. பெஹ்ரிங்கர் செய்வது மூன்றாவது ரகம். மோக் நிறுவனம் 1970இல் செய்த மினிமோகை, காப்புரிமை என்றோ முடிந்துபோன அதன் சுற்றை, கட்டைகளை நீக்கி ஒரு சிறு பெட்டியாக 2018 வாக்கில் விற்பனைக்கு விட்டது. மோக் நிறுவனமே 2016இல் மறுபடி செய்த மினிமோகின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பிறர் மூளையில் பிறந்ததைப் பிறரைக் கேட்காமல் மலிவாக்குவது பற்றி மனசு ஒருநிலைப்படுவதில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

நம் கவிஞர் ஒருவர் என் மேஜையைப் பார்த்துவிட்டு, இது சவத்துக்குத் தைலம் பூசுகிற வேலை என்றார். 1978இல் இதைச் செய்தவர்கள் எதையும் நகலெடுக்கவில்லையே, நீங்கள் ஏன் 1978ஐ நகலெடுக்க வேண்டும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரு காஸெட்.

அப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறது. பாடகர் இல்லை, காலையில் விளக்கேற்றியதும் தேவாரம் சொல்வார். பாதி பாட்டு, பாதி முனகல். அரை மணி நேரம் பதிவாகியிருக்கிறது. எம்.எஸ்.-20இல் ஒரு பகுதி வெளியிலிருந்து வரும் ஒலியின் ஸ்ருதியைக் கண்டுபிடித்து மின்னழுத்தமாக மாற்றும். அந்த அழுத்தம் ஆஸிலேட்டரை ஓட்டும். கிதார், குரல், எதையும் கொடுக்கலாம். மினியிலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸெட்டை அதில் கொடுத்தேன். சொற்கள் வரவில்லை, வராது. ஸகாரம் வந்த இடங்களில் ஸ்வரம் எகிறிக் குதித்தது. டேப்பின் இரைச்சலைக்கூட ஒரு குரலாக எடுத்துக்கொண்டு தடுமாறியது. ஆனால் ஒரு அடியின் கடைசியில் அப்பா மூச்சு போதாமல் ஸ்ருதியை விட்டுக் கீழே சரிவார். அந்தச் சரிவு மட்டும் அச்சாக வந்தது. இத்தனை வருஷம் தேவாரச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்த நான் அந்தச் சரிவைக் கேட்டதில்லை. மோசமான நகல்தான். ஆனால் அசலில் எனக்குக் கேட்காததைக் காட்டிக்கொடுத்தது. சவத்துக்குத் தைலம் பூசுகிறவன் இப்படி எதையும் தெரிந்துகொள்வதில்லை.

அதே சமயம், நகல் எதைத் தரவே முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரோலண்டின் டி.பி.-303 1981இல் வந்தது. தனியாகப் பயிற்சி செய்கிற கிதார்க்காரருக்குப் பின்னால் பாஸ் வாசிக்க வேண்டும் என்று டாடாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. பாஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடந்த அதைச் சிகாகோவில் சில கறுப்பின இளைஞர்கள் எடுத்து, ஸ்வரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் குமிழ்களைத் திருகினார்கள். ஃப்யூச்சர் என்ற அவர்கள் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987இல் வெளியாயிற்று. ஒரு இசை மரபே அதிலிருந்து கிளைத்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1982இல், பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், இதே 303ஐ ஜூப்பிட்டர்-8, டி.ஆர்.-808 ஆகியவற்றோடு சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்துத் தட்டாக வெளியிட்டிருந்தார். யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015இல் அவர் காலமானார்.

இன்று 303க்கும் நகல்கள் உண்டு. ரோலண்டே 2016இல் டி.பி.-03 என்று செய்தது, பெஹ்ரிங்கர் 2019இல் டி.டி.-3 என்று. குமிழ்கள் அதே வரிசையில் இருக்கின்றன. ஆனால் சிகாகோ இளைஞர்களும் சரண்ஜித் சிங்கும் காட்டிய கீழ்ப்படியாமை எந்தச் சுற்றுப்படத்திலும் இல்லை. நகலை வாங்கி அவர்கள் திருகியபடியே திருகுகிறவன் வாத்தியத்தை நகலெடுக்கவில்லை, மீறலை நகலெடுக்கிறான். அவன்தான் நாம் வைய வேண்டிய ஆசாமி.

மலிவு விஷயத்துக்கு வருகிறேன். 303இன் கதையில் விலையும் அசலின் ஒரு பகுதி. யாருக்கும் வேண்டாத, போனால் போகிறது என்று எவனும் கைவைக்கக்கூடிய பொருளாக அது இருந்ததால்தான் அந்த மீறல் சாத்தியமாயிற்று. இன்று பெரும் விலைக்கு வாங்கிப் பஞ்சில் பொதிந்து வைக்கப்படுகிற அசல் 303 அந்த வகையில் தன் அசலுக்கே விரோதமானது. மலிவான நகல், செய்தவனின் நோக்கம் எதுவானாலும், அந்த ஒரு அம்சத்தில் அசலுக்கு நெருக்கமாக இருக்கிறது. மூளைக்கு உரியவனுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்ற என் புகார் அப்படியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு இளம் கவிஞனின் தொகுப்பு கைக்கு வரும்போது, இது யாருடைய நகல் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். எந்தப் பாடத்தைத் தேர்ந்தான், எதைக் குறுக்கினான், குறுக்கக்கூடாத எதைக் குறுக்கினான், குமிழை யார் திருகிய திசையில் திருகுகிறான் என்று கேட்க வேண்டும். இவ்வளவும் கேட்பதற்கு அசலை நாம் வாசித்திருக்க வேண்டும். சிரமம் அங்கேதான்.