எச்சரிக்கை கேட்காத பெயர்கள்

வாகனங்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அலுவலகம் ஒரகடத்தில். சிதறிக்கிடக்கும் கோப்புகளை வரிசை பார்த்துத் தொகுத்து ஒரே நிரலாக்கித் தருவது 'மேக்' என்ற கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. என்னைவிட வயதில் மூத்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

மேக்கில் ஒரு பெயருக்கு மதிப்புத் தர இரண்டு வழிகள் உண்டு. ':=' போட்டால் மதிப்பு அந்த வரியிலேயே முடிவாகிவிடும். வெறும் '=' போட்டால், அந்தப் பெயரை எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கேதான் விரியும். முதலாவது ரொக்கம், இரண்டாவது கடன்.

பெயரை விரிக்கச் சொல்லும் குறி டாலர். மேக் தன் கட்டளைகளை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டுகிறது. ஷெல்லுக்கும் அதே டாலர்தான் குறி. அதனால் ஷெல்லுக்கு ஒரு டாலர் போய்ச்சேர நாம் இரண்டு எழுத வேண்டும். நடுவில் இன்னொரு முறை விரிப்பு நடந்தால் நான்கு. எத்தனை கை மாறிப் போகிறது என்று எண்ணாமல் எழுத முடியாது.

இதையெல்லாம் பழகிவிடலாம். பயப்பட வேண்டியது வேறொன்று. இல்லாத ஒரு பெயரை எழுதினால் மேக் பிழை காட்டாது. அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு மேலே போய்விடும். ஷெல்லும் அப்படித்தான். 2015-இல் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஷெல் நிரலில், கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய மாறி வெறுமையாகிப்போனது. அந்தக் கோப்புறையை அழிக்கச் சொன்ன கட்டளை, பயனரின் சொந்தக் கோப்புகளை அழித்தது.

என் சித்தி பையன் இதே சாலையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 'பயிற்சியாளர்'. ஆறு வருடத்தில் மூன்றாவது கம்பெனி. ஒப்பந்தக்காரர் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் காட்டினான். "அண்ணா, இதுல பெர்மனன்ட்னு ஒரு வார்த்தை இருக்கு. எப்பன்னு போட்டிருக்கா?"

'பின்னர் பரிசீலிக்கப்படலாம்' என்று இருந்தது. தேதி இல்லை. யார் பரிசீலிப்பார்கள் என்றும் இல்லை. '=' போட்டு எழுதிய வரி; வலப்பக்கம் இருக்கும் பெயருக்கு யாரும் மதிப்பே தரவில்லை.

நிரந்தரம் என்றாலும் முழு உத்தரவாதம் கிடையாதுதான். 2006-இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான நிரந்தரப் பணியாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் ஒரு தொகை இருந்தது, அதைக் கணக்கிடச் சேர்ந்த தேதி இருந்தது. இவனுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி புதிதாகத் தொடங்குகிறது.

வரையறுக்கப்படாத பெயர் வந்தால் எச்சரிக்கச் சொல்ல மேக்கில் ஒரு வசதி உண்டு. தானாக வேலை செய்யாது, நாம் கேட்க வேண்டும். நான் அதை எப்போதும் போட்டுத்தான் ஓட்டுவேன்.

"எழுத்துல கேளுடா. எந்தத் தேதி, யார் கையெழுத்துன்னு" என்றேன்.

"கேட்டா நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடுவாங்கண்ணா."

அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மேக்கிடம் கேட்பதால் என் வேலை போகாது.